பரவல் எண் ஏறத்தாழ ஒரே அளவு, முடிவு வேறு: சார்ஸ் அடங்கியது, கோவிட் ஏன் அடங்கவில்லை?

வினாவன் (இழையைத் தொடங்கியவர்)

நோய்ப்பரவலியலின் அடிப்படைகளை அண்மையில்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆர் நாட் எனப்படும் அடிப்படைப் பரவல் எண்ணின் வரையறை எளிதாகவே புரிந்தது. எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒரு நோயாளி வந்து சேர்ந்தால், அவர் தம் நோய்க்காலம் முழுவதிலும் சராசரியாக எத்தனை பேருக்கு அந்நோயைத் தருவார் என்பதே அது. ஒன்றுக்கு மேலிருந்தால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழிருந்தால் தானே தேய்ந்து மறையும்.

ஆனால் 2003இல் அச்சுறுத்திய சார்ஸ் என்ற சுவாச நோய்க்கும், 2020இல் உலகெங்கும் பரவிய கோவிட்டின் முதல் வடிவத்துக்கும் இந்த எண் இரண்டு, மூன்று என்ற அளவில்தான் மதிப்பிடப்பட்டிருக்கிறது. இரண்டுமே ஒரே குடும்பத்து வைரஸ்கள். சார்ஸ் 8,096 நோயாளிகளோடும் 774 இறப்புகளோடும் நின்றுபோனது. தடுப்பூசியோ தனி மருந்தோ இல்லாமலேயே 2003 ஜூலையில் அது கட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கோவிட்டை அப்படி நிறுத்த முடியவில்லை. எண் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்போது முடிவு இவ்வளவு மாறுபடுவது எப்படி?

---

நெய்தல்

தொற்றுநோய்க் கண்காணிப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தருகிறார் என்பதை ஆர் நாட் சொல்கிறது. அவர் அதை எப்போது தருகிறார் என்பதைச் சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த "எப்போது" என்பதில்தான் இருக்கிறது.

எந்தத் தொற்றுநோய்க்கும் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கிருமி உடலுக்குள் புகுந்த நாளிலிருந்து அறிகுறி தோன்றும் நாள்வரை உள்ளது அரும்பும் காலம். கிருமி புகுந்த நாளிலிருந்து அந்த நபர் பிறருக்குத் தொற்றவைக்கும் நிலையை எட்டும்வரை உள்ளது மறைகாலம். சார்ஸில் மறைகாலம் நீளமானது: காய்ச்சல் தொடங்கிய பிறகே அவர் மற்றவர்களுக்கு ஆபத்தாக மாறுகிறார், வைரஸின் அளவு உச்சத்தைத் தொடுவது நோயின் இரண்டாம் வாரத்தில். அதற்குள் அவர் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில் இருப்பார். அதனால்தான் சார்ஸ் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளராக இருந்தார். அதே காரணத்தால்தான் மருத்துவமனைகளில் தனிமைப்படுத்தலைச் சரிசெய்த உடனே நோய்ச் சங்கிலி அறுந்தது.

கோவிட்டில் இந்தக் கடிகாரங்களின் வரிசை தலைகீழானது. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பாகவே ஒருவர் பிறருக்குத் தொற்றவைக்கலாம்; அறிகுறியே தோன்றாதவர்களும் பரப்பினார்கள். காய்ச்சல் வந்தவரைத் தேடிப் போகும் பணியாளர் அங்கே போய்ச் சேரும்போது, அவரிடமிருந்து தொற்றியவர்கள் ஏற்கெனவே எங்கெங்கோ சென்றிருப்பார்கள்.

---

எண்ணும்மை

நெய்தல் சொன்னதைச் சிறு கணக்காக்கினால் இன்னும் தெளிவாகும். இரண்டு நோய்களுக்கும் ஆர் நாட் 3 என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி தோன்றிய நொடியிலேயே ஒவ்வொரு நோயாளியையும் பிழையின்றித் தனிமைப்படுத்தும், நடைமுறையில் எங்குமே இல்லாத ஓர் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நோயில் பரவலின் பத்தில் ஒரு பங்கு மட்டுமே அறிகுறிக்கு முன் நடக்கிறது எனில், மிஞ்சுவது 0.3, நோய் சில தலைமுறைகளில் மறைந்துவிடும். இரண்டாவதில் பாதிப் பரவல் அறிகுறிக்கு முன்பே நடந்துவிடுகிறது எனில், மிஞ்சுவது 1.5. கற்பனையில்கூடக் குறை காணமுடியாத அந்த ஏற்பாட்டின் கீழும் நோய் பெருகிக்கொண்டுதான் இருக்கும்.

இதோடு இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். முதலாவது, தலைமுறை இடைவெளி: ஒருவருக்குத் தொற்றியதிலிருந்து அவர் அடுத்தவருக்குத் தரும்வரை ஆகும் சராசரிக் காலம். இரண்டு நோய்களுக்கும் பரவல் எண் 2 என்றாலும், ஒன்றின் இடைவெளி மூன்று நாள், மற்றதன் இடைவெளி முப்பது நாள் எனில், ஒரு மாத முடிவில் முதலாவதில் பத்தாம் தலைமுறை வந்து 1,024 புதிய நோயாளிகள் இருப்பார்கள். இரண்டாவதில் இரண்டே பேர். இன்ஃபுளூயன்சாவின் இடைவெளி ஏறத்தாழ மூன்று நாள், தட்டம்மைக்குப் பதினொன்று, பன்னிரண்டு நாள். காசநோய்க்கு மாதங்கள், சிலபோது ஆண்டுகள். ஆகவே "வேகமாகப் பரவுகிறது" என்று எவரேனும் எழுதினால், பரவல் எண்ணைச் சொல்கிறாரா, இடைவெளியைச் சொல்கிறாரா என்று கேட்டுவிட்டே மேலே படிப்பேன்.

இரண்டாவது, சராசரி என்பதற்குள் ஒளிந்திருக்கும் ஏற்றத்தாழ்வு. சராசரி மூன்று என்றால் ஒவ்வொருவரும் மூன்று பேருக்குத் தந்தார்கள் என்று பொருளல்ல. சார்ஸில் பெரும்பாலோர் ஒருவருக்குமே தரவில்லை. மிகச் சிலர் பலருக்குத் தந்தார்கள். 2003 பிப்ரவரியில் குவாங்டோங்கிலிருந்து வந்து ஹாங்காங் விடுதியொன்றின் ஒன்பதாம் மாடியில் தங்கிய மருத்துவர் ஒருவரிடமிருந்து தொற்றிய பத்துக்கும் மேற்பட்டோர்தாம் வியட்நாம், சிங்கப்பூர், கனடா ஆகிய நாடுகளுக்கு அந்நோயைக் கொண்டு சென்றார்கள். இத்தகைய நோய் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தாலும் பல முறை யாருக்கும் தொற்றாமலே அணைந்துவிடும். பற்றிக்கொண்ட இடத்தில் மட்டும் வெடிக்கும்.

---

கல்வெட்டு

இவ்வளவு விதிவிலக்குகள் சொல்லவேண்டிய ஓர் எண்ணை எதற்காகக் கட்டிக்கொண்டு அழவேண்டும்? 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ எந்த ஆர் நாட்டையும் கணக்கிடவில்லை. வரைபடத்தில் இறப்புகளைக் குறித்தார், அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், கொள்ளைநோய் நின்றது. கள ஆய்வு போதும், சூத்திரங்கள் வேண்டாம் என்பது என் கருத்து.

---

நெய்தல்

அந்தக் கதை பள்ளிப் பாடத்தில் சொல்லப்படுவதுபோல நடக்கவில்லை, கல்வெட்டு அவர்களே. கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8 அன்று. அதற்குள் மக்கள் பெருமளவில் அப்பகுதியை விட்டு வெளியேறியிருந்தார்கள், இறப்புகளும் குறையத் தொடங்கியிருந்தன. கைப்பிடி கழற்றியதால்தான் நோய் நின்றது என்று ஸ்நோவே உறுதியாகச் சொல்லவில்லை. அவருடைய ஆய்வின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது.

பிராட் தெருவிலேயே அவர் கவனித்தது நோயுற்றவர்களை மட்டுமல்ல, நோயுறாதவர்களையும். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் காலராவில் இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. அங்கே தனிக் கிணறு இருந்தது. மதுவடிப்பாலைத் தொழிலாளர்களும் ஏறத்தாழத் தப்பினார்கள். அவர்களுக்குக் குடிக்க அங்கேயே மதுவும் இருந்தது, சொந்தக் கிணறும் இருந்தது. மறுபுறம், அப்பகுதியை விட்டு ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு மூதாட்டி, பழகிய சுவை பிடித்துப்போனதால் பிராட் தெருத் தண்ணீரை நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அவர் இறந்தார், அவர் குடியிருந்த பகுதியில் வேறு எவருக்கும் காலரா இல்லை. புள்ளிகள் குவிந்த இடத்தை விட, குவியலுக்குள் நோயின்றி இருந்த இடமும் குவியலுக்கு வெளியே விழுந்த ஒற்றைப் புள்ளியும்தான் அவருக்குக் கூடுதலாகப் பேசின.

அதைவிடச் சிறந்த சான்று தெற்கு லண்டனில் கிடைத்தது. அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் வழங்கின. லாம்பெத் நிறுவனம் 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு, நகரக் கழிவு கலக்காத இடத்துக்கு மாற்றியிருந்தது. சதர்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் கழிவு கலந்த பகுதியிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்நோ வீடு வீடாகச் சென்று, யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டுப் பிரித்தார். சதர்க் அண்ட் வாக்ஸால் தண்ணீர் வந்த 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லாம்பெத் தண்ணீர் வந்த 26,107 வீடுகளில் 98 இறப்புகள். அதாவது பத்தாயிரம் வீடுகளுக்கு முறையே 315, 37. பணக்காரர், ஏழை, காற்று, தெரு என எல்லாம் இரு பிரிவிலும் கலந்திருந்ததால், வேறுபாட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு காரணம் சொல்ல இடமில்லை.

நீங்கள் சூத்திரம் வேண்டாம் என்கிறீர்கள். ஸ்நோவின் வலிமையே வகுத்தலில்தான் இருக்கிறது. 1,263 என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. எத்தனை வீடுகளில் என்று கேட்டு வகுத்த பிறகுதான் அது சான்றாகிறது. நோய்ப்பரவலியலில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அதன் கீழெண்ணைத் தேடவேண்டும் என்பதே எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம்.

---

வினாவன்

நன்றி, ஐயா. கீழெண்ணைத் தேடுவது பற்றிச் சொன்னதும் நெடுநாள் ஐயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தட்டம்மை பரவிய இடங்களில் நோயுற்றவர்களுள் பலர் தடுப்பூசி போட்டவர்கள் என்ற செய்தியைக் காட்டி, தடுப்பூசியால் பயனில்லை என்று வாதிடுகிறார்கள். இதையும் அவ்வாறுதான் பார்க்கவேண்டுமா?

---

எண்ணும்மை

ஆம், இதே தவறுதான். ஆயிரம் பேர் உள்ள ஓர் இடத்தில் 950 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள் என்று கொள்க. தடுப்பூசி நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் காக்கிறது என்றால், போட்டவர்களுள் 95 பேருக்குப் பாதுகாப்பு இல்லை. நோய் எல்லாரையும் எட்டினால் 95 + 50 என 145 நோயாளிகள். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் தடுப்பூசி போட்டவர்கள்! ஆனால் கீழெண்ணை இட்டுப் பாருங்கள்: போட்டவர்களுள் நோயுற்றவர்கள் பத்து விழுக்காடு, போடாதவர்களுள் நூறு விழுக்காடு. எல்லாரும் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயாளிகள் அனைவரும் தடுப்பூசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்; அதனால் தடுப்பூசி தோற்றதாகிவிடாது.

போதிய பேருக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதால் நோய் பரவ முடியாமல் போகும் நிலையான சமூக எதிர்ப்பாற்றலுக்கும் வருகிறேன், ஏனெனில் பரவல் எண் உண்மையில் பயன்படும் இடம் அதுதான். ஒவ்வொரு நோயாளியும் ஆர் நாட் அளவுக்கு மற்றவர்களைச் சந்திக்கிறார் என்றால், அவர்களுள் ஒருவருக்கு மேல் தொற்றாதபடி செய்துவிட்டால் போதும். ஒன்றை ஆர் நாட்டால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பதே எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கவேண்டியவர்களின் பங்கு. ஆர் நாட் 2 எனில் பாதிப் பேர். 5 எனில் எண்பது விழுக்காடு. தட்டம்மைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 12 முதல் 18 வரையிலான எண்களின் நடுவே 15 என எடுத்தால் 93.3 விழுக்காடு. தட்டம்மைத் தடுப்பூசி ஒரு தவணை போட்டால் ஏறத்தாழ 93 விழுக்காட்டினருக்கும், இரண்டு தவணை போட்டால் 97 விழுக்காட்டினருக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு தவணை மட்டும் என்றால், ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் போட்டாலும் 93.3ஐ எட்டமுடியாது. இரண்டாம் தவணை ஏன் கட்டாயமாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் கண்டதில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த எல்லையை நோய் தானே எட்டட்டும் என்று விட்டுவிட்டால், அது எல்லையில் நிற்காது. ஆர் நாட் 2 எனில் பாதிப் பேருக்கு வந்தவுடன் பரவல் குறையத் தொடங்கும். ஆனால் அந்த வேளையில் ஏற்கெனவே நோயோடு இருக்கும் பெருங்கூட்டம் தொடர்ந்து சிலருக்குத் தந்துகொண்டே இருப்பதால், தடையின்றி ஓடும் கொள்ளைநோய் இறுதியில் எண்பது விழுக்காட்டினரைத் தொட்டுவிட்டே அடங்கும். கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நோய்ப்பரவலைக் கணிக்க 1927இல் எழுதிய சமன்பாடுகளிலிருந்தே இது பெறப்படுகிறது. எல்லையைத் தாண்டிப்போகும் இந்த முப்பது விழுக்காட்டைப் பொதுவிவாதங்களில் எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் மனக்குறை.

---

நெய்தல்

இந்தக் கணக்கு மக்கள் ஒரே சீராகக் கலந்து பழகுவதாக எண்ணிக்கொள்கிறது. நாட்டுச் சராசரி 95 விழுக்காடாக இருக்கும்; போடாத ஐந்து விழுக்காட்டினர் சில குடியிருப்புகளிலேயே சேர்ந்து வாழ்வார்கள். அங்கே தட்டம்மை நுழைந்தால் சராசரி அவர்களைக் காக்காது.

எதிர்ப்பாற்றலே இல்லாத ஒரு சமூகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஃபாரோ தீவுகள் ஓர் எடுத்துக்காட்டு. 1846இல் அங்கே தட்டம்மை வந்தபோது ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேர் வரை சில மாதங்களுக்குள் நோயுற்றார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகச் சென்று, யாரை யார் எந்த நாளில் சந்தித்தார், எந்த நாளில் தடிப்பு தோன்றியது என்று குறித்துக்கொண்டார். தொடர்பு ஏற்பட்ட நாளுக்கும் தடிப்புத் தோன்றும் நாளுக்கும் இடையே பதின்மூன்று, பதினான்கு நாள் என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது. 1781இல் அத்தீவுகளில் தட்டம்மை வந்தபோது நோயுற்றுப் பிழைத்த முதியவர்கள், அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த இந்த அலையில் ஒருவர்கூட நோயுறவில்லை என்பதையும் அவர்தான் பதிவு செய்தார். இடைப்பட்ட காலத்தில் தட்டம்மை அங்கே இல்லை. ஆகவே அந்த எதிர்ப்பாற்றலை மீண்டும் மீண்டும் தூண்டிவிட எதுவும் இருக்கவில்லை. ஒரு முறை வந்தால் வாழ்நாள் பாதுகாப்பு என்ற முடிவு அங்கிருந்து வந்தது.

தட்டம்மை ஏன் அங்கே தங்கவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. அது நிலைத்திருக்கத் தொடர்ந்து புதுக் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்கவேண்டும்; அதற்கு இரண்டரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை மக்கள் ஒன்றாக வாழவேண்டும் என்பது மதிப்பீடு. சிறு தீவில் அது எரிபொருள் தீர்ந்த நெருப்புப் போல அணைந்துவிடும்.

---

கல்வெட்டு

ஸ்நோ பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இறப்பு விகிதத்தில் நீங்கள் சொல்லும் கீழெண்ணே நிலையாக இல்லையே. சார்ஸின் இறப்பு விகிதம் தொடக்கத்தில் நான்கு விழுக்காட்டை ஒட்டிச் சொல்லப்பட்டது, முடிவில் ஒன்பதரைக்கு மேல் போனது. கிருமி மாறியதா, கணக்கு மாறியதா?

---

நெய்தல்

கிருமி மாறவில்லை. நோய் பெருகிக்கொண்டிருக்கும்போது, இன்று பட்டியலில் சேர்ந்தவர்கள் பலருடைய முடிவு இன்னும் தெரியாது. அவர்களைக் கீழெண்ணில் சேர்த்துவிட்டு, இறப்புகளை மட்டும் மேலே வைத்து வகுத்தால் விகிதம் குறைவாகத் தெரியும். எல்லாருடைய முடிவும் தெரிந்த பிறகு 8,096இல் 774, அதாவது 9.6 விழுக்காடு என்று நிலைத்தது.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது; மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. வாதம் வந்தவர்களை மட்டும் எண்ணினால் நோய் மிகக் கொடியதாகவும் மிக அரிதாகவும் தோன்றும்; உண்மையில் வாதமுற்ற ஒரு குழந்தையைக் கண்டால், அதைச் சுற்றிக் கிருமி ஏற்கெனவே பரவலாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

களத்தில் இதெல்லாம் நோயாளர் பட்டியல் என்ற ஒரே தாளில் தொடங்குகிறது. வயது, பாலினம், வசிப்பிடம், அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு எனக் கட்டங்கள் இருக்கும். இவற்றுள் மிக மதிப்புள்ளது அறிகுறி தொடங்கிய நாள். மிக அதிகமாக வெறுமையாய் விடப்படுவதும் அதுவே. அந்த நாளை வைத்து நாள்வாரியாகக் கட்டங்களை அடுக்கினால் நோயின் வகை தெரியும். ஒரே உணவிலிருந்து பலருக்குத் தொற்றியிருந்தால் வரைபடம் செங்குத்தாக ஏறி, ஓர் அரும்பும் காலத்துக்குள் இறங்கிவிடும். ஆளுக்கு ஆள் பரவினால் முதலில் ஒருவர், தலைமுறை இடைவெளி கழித்து ஒரு சிறு மேடு, மேலும் ஓர் இடைவெளி கழித்துப் பெரிய மேடு என்று எழும். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்து, அறிக்கை வந்த நாளை வைத்து வரைந்தால், ஞாயிறுதோறும் பள்ளமும் திங்கள்தோறும் சிகரமும் தெரியும். அது அலுவலகத்தின் விடுமுறையைக் காட்டுமே தவிர, நோயைக் காட்டாது.

---

வினாவன்

கடைசியாக ஒன்று. நிகழ்வு வீதமும் இருப்பு வீதமும் என்று புத்தகத்தில் இரண்டு வருகின்றன. ஒரு நல்ல மருந்து வந்த பிறகு நோயின் இருப்பு வீதம் உயர்ந்தது என்று படித்து வியந்தேன். மேலும், டெட்டனஸ் தடுப்பூசியைப் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் பாதுகாப்புக் கிடைக்குமா?

---

எண்ணும்மை

முதலாவதற்கு நான் சொல்கிறேன். ஒரு காலத்துக்குள் புதிதாக நோயுற்றவர்கள் நிகழ்வு. ஒரு நாளில் நோயோடு இருப்பவர்கள் இருப்பு. நிலையான சூழலில் இருப்பு என்பது, நிகழ்வை நோய் நீடிக்கும் காலத்தால் பெருக்கியதற்கு ஏறத்தாழச் சமம். எச்.ஐ.வி.க்கான மருந்துகள் நோயை முற்றிலும் நீக்குவதில்லை, ஆயுளை நீட்டிக்கின்றன. காலம் நீண்டால் பெருக்குத்தொகையும் கூடும். ஆகவே புதுத் தொற்றுகள் குறைந்தபோதும் இருப்பு வீதம் ஏறலாம், அது நல்ல செய்தியே.

---

நெய்தல்

டெட்டனஸுக்கு அப்படிக் கிடைக்காது. அதன் கிருமி மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வாழ்கிறது, காயத்தின் வழியே உடலுக்குள் நுழைகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது பரவுவதில்லை என்பதால் அதற்கு ஆர் நாட் என்பதே இல்லை. சுற்றியிருக்கும் நூறு பேரும் தடுப்பூசி போட்டிருந்தாலும், போடாத ஒருவருக்குத் துருப்பிடித்த ஆணி குத்தினால் அவருடைய ஆபத்து எள்ளளவும் குறைந்திருக்காது.